எண்ணெய் பாய்லரிலிருந்து கேஸுக்கு: வீட்டு ஹீட்டிங்கை மாற்ற ஒரு முழு வழிகாட்டி

எண்ணெய் ஹீட்டிங்கைக் கைவிட்டு கேஸுக்கு மாறிய வீடுகளில் எப்போதாவது நடக்கும் ஒரு விபத்து உண்டு. பழைய பாய்லர் போயாயிற்று. அடித்தளத்தில் இருந்த டேங்க்கும் போயாயிற்று. வெளிச்சுவரில் எண்ணெய் ஊற்றும் குழாயின் வாய் மட்டும் மூடியோடு அப்படியே நிற்கிறது. பழைய ஒப்பந்தம் ரத்தாகாததாலோ, வீட்டு எண் மாறிப்போனதாலோ ஒருநாள் எண்ணெய் லாரி வந்து நிற்கிறது. ஓட்டுநர் மூடியைக் கழற்றி, குழாயை மாட்டி, வால்வைத் திறந்துவிடுகிறார். சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் டேங்க் இல்லாத வெறுந்தரையில் கொட்டிவிடும். கான்கிரீட்டும் அதன் அடியில் இருக்கும் மண்ணும் எண்ணெயைக் குடித்துவிட்டால் கழுவித் தீராது. தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

புது பாய்லரைப் பற்றி விளம்பரம் பேசும், கடைக்காரர் பேசுவார், நாமும் பேசுவோம். ஆனால் இந்த வேலையில் ஆளைப் படுத்துவது பழைய அமைப்பு விட்டுவிட்டுப் போகும் மிச்சங்கள்தான்: டேங்க், புகைபோக்கி, அறைகளைச் சூடாக்க பாய்லரின் வெந்நீர் ஓடும் ரேடியேட்டருக்குள் படிந்த கறுப்புக் கசடு, பழைய பாய்லரின் அளவு. எங்கள் வீட்டில் மாற்றியபோது நான் சறுக்கிய இடங்களும் இவைதான். அதனால் இந்த வழிகாட்டியில் அவற்றுக்கே அதிக இடம்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

கணக்கில் தொடங்குவோம். ஒரு லிட்டர் ஹீட்டிங் எண்ணெயில் ஏறக்குறைய 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. மின்சார பில்லில் வரும் அதே யூனிட்தான், அதாவது கிலோவாட் மணி. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் சுமார் 10 முதல் 11 யூனிட். ஆக, ஒரு லிட்டர் எண்ணெயும் ஒரு கன மீட்டர் கேஸும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெப்பம் தரும் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு 2,000 லிட்டர் எண்ணெய் எரிக்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 20,000 யூனிட். பழைய பாய்லரின் திறன் 75 சதவீதம் என்றால் அறைகளுக்குச் சேர்வது 15,000 யூனிட். மீதி புகையோடு போகிறது. அதே 15,000 யூனிட்டை 92 சதவீதத் திறனுள்ள கேஸ் பாய்லர் தர, சுமார் 16,300 யூனிட் கேஸ் வேண்டும். கன மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 1,550. உங்கள் ஊர் விலைகளை இதில் போட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். கேஸ் இணைப்புக்கு மாதாமாதம் கட்டும் நிலைக் கட்டணத்தையும் கூட்ட மறக்காதீர்கள். எண்ணெய்க்கு அது கிடையாது.

விற்க வருகிறவர் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி, கேஸ் என்பதால் வருவதில்லை. இயந்திரம் புதிது என்பதால் வருகிறது. அதே வீட்டில் 90 சதவீதத் திறனுள்ள புது எண்ணெய் பாய்லரை வைத்தாலே 2,000 லிட்டர் 1,670 லிட்டராகக் குறைந்துவிடும். ஆகவே "பழைய எண்ணெய் பாய்லரா, புது கேஸ் பாய்லரா" என்று ஒப்பிட்டால் கேஸ்தான் எப்போதும் ஜெயிக்கும். புதியதைப் புதியதோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும்போது ஹீட் பம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே காற்றிலோ மண்ணிலோ இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வரும் இயந்திரம் அது; ஒரு யூனிட் மின்சாரம் எடுத்து ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரக்கூடியது. நார்வேயில் 2020 தொடக்கத்திலிருந்து கட்டடங்களைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிக்கத் தடை இருக்கிறது. நெதர்லாந்தில் 2018 ஜூலையிலிருந்து புதிதாகக் கட்டும் வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு பொதுவாகத் தரப்படுவதில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது இதிலிருந்தே புரியும். எரிக்கும்போது ஒரு யூனிட்டுக்கு எண்ணெய் சுமார் 0.27 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. இயற்கை எரிவாயு சுமார் 0.20 கிலோ. குறைவுதான், பூஜ்யம் அல்ல. இன்று வைக்கும் பாய்லர் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஓடும். அதற்குள் உங்கள் நாட்டுச் சட்டம் எங்கே போய் நிற்கும் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு இறங்குவது நல்லது.

இதையெல்லாம் பார்த்தபின்னும் கேஸ்தான் என்றால், சரி, மேலே போவோம்.

படி 1: தெருவில் கேஸ் இருக்கிறதா?

முதல் ஃபோன் பாய்லர் கடைக்குப் போகக் கூடாது. கேஸ் விநியோக நிறுவனத்துக்குப் போக வேண்டும். தெருவில் பிரதானக் குழாய் ஓடுகிறதா, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், மீட்டர் எங்கே வரும், தோண்டுவது யார், தோண்டிய நடைபாதையைச் சரிசெய்து தருவது யார்? இந்த வேலையிலேயே மெதுவாக நகரும் பகுதி இதுதான். அனுமதி, தெரு தோண்டல், ஆய்வு என்று மாதக்கணக்கில் போகலாம். பாய்லரை மாற்றுவது ஓரிரு நாள் வேலை.

விண்ணப்பத்தில் வீட்டின் மொத்தக் கேஸ் தேவையைக் கேட்பார்கள். பாய்லரை மட்டும் எழுதாதீர்கள். அடுப்பு, வெந்நீர், துணி உலர்த்தி என்று பின்னால் சேர்க்க நினைப்பதையும் எழுதுங்கள். குழாயின் விட்டமும் மீட்டரின் அளவும் அதை வைத்தே முடிவாகின்றன. பிறகு பெரிதாக்கச் சொன்னால் மறுபடியும் தோண்டல்.

தெருவில் கேஸ் இல்லாவிட்டால் எல்.பி.ஜி. டேங்க் ஒரு வழி. ஆனால் அது தனிக் கணக்கு. விலை வேறு, டேங்க் மறுபடியும் வருகிறது, பாய்லரிலும் அதற்கேற்ற பாகங்கள் வேண்டும். எண்ணெய் டேங்க்கை எடுத்துவிட்டு இன்னொரு டேங்க் வைப்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. அங்கே ஹீட் பம்பின் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்க்கலாம்.

படி 2: வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு வெப்பம் வேண்டும்?

பழைய பாய்லரின் தகட்டில் 28 கிலோவாட் என்று எழுதியிருக்கும். வருகிறவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "சரி, 28 கிலோவாட்டிலேயே கேஸ் பாய்லர் போட்டுவிடலாம்" என்பார். எங்கள் வீட்டில் முதலில் வந்தவர் இப்படித்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அந்த எண் எப்படி வந்தது தெரியுமா? எண்ணெய் பர்னரில் எண்ணெயை மூடுபனி போலப் பீய்ச்சும் நாசில் ஒன்று இருக்கும். அதன் துளை ரொம்பவும் சிறிதாகிவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஆகவே எண்ணெய் பாய்லரை 15, 20 கிலோவாட்டுக்குக் கீழே கொண்டுபோவது கஷ்டம். வீட்டுக்குத் தேவைப்பட்டதோ இல்லையோ, பெரிய பாய்லர்தான் கிடைத்தது. அதன்மேல் அந்தக் காலத்து ஃபிட்டர், "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னும் கொஞ்சம் ஏற்றியிருப்பார். பிறகு ஜன்னல் மாற்றியிருப்பீர்கள், கூரைக்கு வெப்பம் தப்பாதபடி காப்பு (இன்சுலேஷன்) போட்டிருப்பீர்கள். தேவை இன்னும் இறங்கியிருக்கும்.

நீங்களே ஒரு தோராயக் கணக்கு போடலாம். கடும் குளிர் அடித்த ஒரு வாரத்தில் டேங்க்கின் அளவு எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். நாளைக்கு 16 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 160 யூனிட். 75 சதவீதத் திறனில் வீட்டுக்குள் சேர்ந்தது 120 யூனிட். அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் 5 கிலோவாட். அந்த வாரத்தைவிடக் கொடுமையான இரவு வந்தாலும் 7, 8 கிலோவாட் போதும். தகட்டில் இருப்பதோ 28.

பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிட்டது என்று தோன்றலாம். பெரிய பாய்லர் பற்றவைத்த சில நிமிடங்களில் தண்ணீரை அதற்கு வைத்த உச்சச் சூட்டுக்குக் கொண்டுபோய் நின்றுவிடும். மறுபடி பற்றும், மறுபடி நிற்கும். பாகங்கள் தேய்கின்றன, திறன் இறங்குகிறது, ஒரு அறை அனலாகவும் இன்னொரு அறை குளிராகவும் கிடக்கிறது. நல்ல கேஸ் பாய்லர்கள் சுடரைத் தணித்து, முழுத் திறனில் பத்தில் ஒரு பங்கு வரைகூட இறங்கி ஓடும். எவ்வளவு தாழ இறங்கும் என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உச்ச எண்ணைவிட அதுதான் உங்களுக்கு முக்கியம்.

தோராயக் கணக்கு, வருகிறவரோடு பேசுவதற்கு. முடிவெடுக்க அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட வேண்டும். ஐரோப்பாவில் ஈ.என். 12831 என்ற தரமுறையும் வட அமெரிக்காவில் மேனுவல் ஜே என்ற முறையும் இதற்காக இருக்கின்றன. "கணக்கெல்லாம் எதற்கு, பார்த்தாலே தெரியும்" என்பவரை அப்படியே வாசலோடு அனுப்பிவிடலாம்.

கூரையில் காப்பு மெலிந்திருந்தால் அதை முதலில் முடியுங்கள். பிறகு போட்டால் அதுவரை வாங்கிய பாய்லர் மறுபடியும் பெரிதாகிவிடும்.

படி 3: எந்த இயந்திரம்?

சூடான காற்றைக் குழாய்களில் அனுப்பும் வீடு என்றால் ஃபர்னேஸ்; ரேடியேட்டரிலோ தரைக்கடியிலோ தண்ணீர் ஓடும் வீடு என்றால் பாய்லர். இருப்பதையே தொடர்வதுதான் பெரும்பாலும் சிக்கனம்.

பாய்லரை வைத்துக்கொண்டு பர்னரை மட்டும் கேஸுக்கு மாற்றித் தருகிறேன் என்று சிலர் வருவார்கள். செய்ய முடியாதது அல்ல. பாய்லர் சமீபத்தில் வாங்கியது, தயாரித்த நிறுவனமே அந்த மாற்றத்துக்கு எழுத்தில் சம்மதிக்கிறது என்றால் யோசிக்கலாம். இருபது வருஷப் பழைய பாய்லருக்கு இது வேண்டாத வேலை. பழைய திறனோடு புது எரிபொருளை எரிப்பீர்கள், அவ்வளவுதான்.

இப்போது வரும் கேஸ் பாய்லர்களில் பெரும்பாலானவை கண்டென்சிங் வகை. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. பழைய பாய்லர் அதைப் புகையோடு வெளியே விட்டுவிடும். கண்டென்சிங் பாய்லர் அந்தப் புகையைக் குளிரவைத்து, ஆவியைத் தண்ணீராக்கி, அதில் ஒளிந்திருக்கும் வெப்பத்தையும் பறித்துக்கொள்கிறது. இயற்கை எரிவாயுவில் இந்த ஒளிந்த வெப்பம் 11 சதவீதம் அளவுக்கு உண்டு. எண்ணெயில் 6 சதவீதம்தான். சில ஐரோப்பிய விளம்பரங்களில் "திறன் 107 சதவீதம்" என்று போட்டிருப்பதன் ரகசியமும் இதுதான். ஆவியின் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காமல் 100 என்று வைத்துக்கொண்டு, பிறகு அதையும் பிடித்தால் நூறைத் தாண்டத்தானே செய்யும்! மோசடி இல்லை, அளக்கும் முறை அப்படி.

ஆனால் இந்த வித்தை நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே வந்தால் ஆவி தண்ணீராகாது. கண்டென்சிங் பாய்லரை வாங்கிச் சாதாரண பாய்லராக ஓட்டுகிறீர்கள். இதைக் கடைசிப் படியில் மறுபடி பார்ப்போம்.

குளிக்கும் வெந்நீருக்கு இரண்டு வழி. குழாய் திறந்ததும் அப்போதே சூடாக்கித் தரும் காம்பி பாய்லர் ஒன்று. தனி வெந்நீர்த் தொட்டி இன்னொன்று. ஒரு குளியலறை உள்ள சின்ன வீட்டுக்குக் காம்பி சரிப்படும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் குளிக்கும் வீட்டில் தொட்டிதான் நிம்மதி. தொட்டி வைத்தால் அதில் தண்ணீரை 60 டிகிரியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா பாக்டீரியா வளர இடம் கொடுப்பீர்கள்.

படி 4: புகைபோக்கி

பழைய எண்ணெய் பாய்லரின் புகை 200 டிகிரிக்கு மேலான சூட்டில் செங்கல் புகைபோக்கி வழியாக விறுவிறுவென்று மேலே ஏறியது. கண்டென்சிங் கேஸ் பாய்லரின் புகை கை பொறுக்கக்கூடிய அளவுக்கு ஆறிப்போய், ஈரத்தோடு வருகிறது. அதுவாக மேலே ஏறும் பலம் அதற்கு இல்லை. விசிறிதான் தள்ள வேண்டும். அதைப் பழைய செங்கலுக்குள் விட்டால், பல வருஷப் புகைக்கரியில் இருக்கும் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செங்கல் இடுக்கின் சாந்தை அரித்துவிடும். ஒருநாள் கல்லும் கரியும் உதிர்ந்து வழியை அடைத்தால், புகை வீட்டுக்குள் திரும்பும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஆகவே புது பாய்லருக்கு அதற்கென்றே அனுமதிக்கப்பட்ட பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகைக்குழாய் வேண்டும். பக்கச் சுவர் வழியாக வெளியே விடலாம்; அல்லது பழைய புகைபோக்கியைச் சுத்தம் செய்து அதற்குள்ளேயே புதுக் குழாயை மேலே ஏற்றலாம். சுவர் வழியாக என்றால் உங்கள் ஜன்னலிலிருந்தும் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்தும் எத்தனை தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்பது பாய்லரின் கையேட்டிலும் உள்ளூர் விதியிலும் இருக்கும். குளிர்காலக் காலையில் அந்த வாயிலிருந்து வெள்ளைப் புகை புஸ்ஸென்று கிளம்பும். நடைபாதையைப் பார்த்து வைத்தீர்களானால் அக்கம்பக்கத்தில் பேச்சு வரும்.

கவனிக்காமல் விடப்படும் இன்னொன்று: பழைய புகைபோக்கியைப் பாய்லரோடு வேறு எதுவும் பகிர்ந்துகொண்டிருந்ததா? கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் ஒன்று அதே வழியில் புகை விட்டுக்கொண்டிருந்தால், பாய்லர் போனபின் அந்தப் பெரிய புகைபோக்கி அதற்குத் தொளதொள சட்டையாகிவிடும். சின்னப் புகை நடுவழியில் ஆறி, இறங்கி, வீட்டுக்குள் வரலாம். அதற்கும் அளவான உள்குழாய் போட வேண்டும், அல்லது அதையும் மாற்ற வேண்டும்.

அப்புறம் அந்தத் தண்ணீர். ஒரு கன மீட்டர் கேஸ் எரிந்தால் கொள்கையளவில் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலேயே தண்ணீர் உண்டாகும். அதில் பாதிக்கு மேல் பிடித்தாலும் ஒரு குளிர்காலத்தில் ஆயிரம் லிட்டரைத் தாண்டிவிடும். அது அமிலம் கலந்த தண்ணீர்; எலுமிச்சைச் சாற்றைவிடப் புளிப்பு குறைவு, பி.எச். 3 முதல் 5 வரை. கழிவுநீர்க் குழாய்க்குள் போக வேண்டும். சில இடங்களில் சுண்ணாம்புக்கல் நிரப்பிய சின்ன டப்பா வழியாக அனுப்பி அமிலத்தை முறித்துத்தான் விட வேண்டும் என்று விதி. இந்தக் குழாயை முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். வெளியே மெல்லிசாக ஓடினால், பாய்லர் மிகவும் தேவைப்படும் அந்தக் கடுங்குளிர் இரவில்தான் உறையும். குழாய் உறைந்தால் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரை அந்தக் குழாயின் மேல் ஊற்றினால் பெரும்பாலும் இளகிவிடும். கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கும்.

படி 5: ஆளைத் தேர்ந்தெடுப்பது

கேஸ் வேலைக்கு உரிமம் இல்லாதவரைத் தொடவிடக் கூடாது. பிரிட்டனில் 2009 முதல் கேஸ் சேஃப் பதிவேடு இருக்கிறது. மற்ற நாடுகளிலும் இதுபோல ஏதோ ஒன்று இருக்கும். அட்டையைக் கேட்டுப் பாருங்கள். நல்ல ஃபிட்டர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்று பேரிடமாவது விலைப்புள்ளி வாங்குங்கள். தொகையைவிட உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். வெப்ப இழப்புக் கணக்கு, புகைக்குழாய், தண்ணீர் வெளியேறும் குழாய், பழைய பாய்லரை அகற்றுவது, ரேடியேட்டர்களை அலசுவது, டேங்க், அனுமதிக் கட்டணம். மலிவான விலைப்புள்ளியில் டேங்க்கும் அலசலும் இருக்காது. நான் அதில்தான் மாட்டினேன். வாய்ப்பேச்சில் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றார்கள். கடைசியில் பார்த்துக்கொண்டது நான்.

படி 6: எண்ணெயைக் காலி செய்வது

வேலைக்கு ஏற்ற காலம் கோடை. இரண்டு நாள் ஹீட்டிங் இல்லாவிட்டாலும் யாரும் உறைய மாட்டீர்கள், ஃபிட்டர்களுக்கும் அவசரம் இருக்காது. தேதி முடிவானதும் பின்னோக்கிக் கணக்கிட்டு, எண்ணெய் வாங்குவதை நிறுத்துங்கள். தானாக வந்து நிரப்பும் ஒப்பந்தம் இருந்தால் இப்போதே எழுத்தில் ரத்து செய்து, பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சொட்டு வரை ஓட்டிவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். பல வருஷமாக ஈரக்காற்றிலிருந்து சேர்ந்த தண்ணீரும் சேறும் டேங்க்கின் அடியில் கிடக்கும். அதைப் பர்னர் உறிஞ்சினால் நாசில் அடைத்துக்கொண்டு, மாற்றும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வீடு குளிர்ந்துவிடும்.

படி 7: வேலை நடக்கும் நாட்கள்

பழைய குழாய்களைச் சுற்றி வெள்ளையாகவோ சாம்பலாகவோ சுண்ணாம்புக் கட்டு போலக் காப்பு சுற்றியிருந்தால் யாரும் அதில் கை வைக்க வேண்டாம். பழைய வீடுகளில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சோதித்து, அதற்கென்று உள்ளவர்கள் எடுத்தபின்தான் மற்ற வேலை.

பிறகு தண்ணீரை வடிப்பார்கள். வார்ப்பிரும்பு பாய்லர் என்றால் பகுதி பகுதியாகப் பிரித்தோ உடைத்தோதான் படியேற்ற முடியும்.

புது பாய்லரை மாட்டுவதற்கு முன் ரேடியேட்டர்களையும் குழாய்களையும் அழுத்தத்தோடு அலச வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு ரேடியேட்டரைக் கழற்றிச் சாய்த்தபோது வந்தது தண்ணீரே இல்லை, கறுப்பு மை. விரலில் தொட்டால் நைசான மாவு போல ஒட்டியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் முள்முள்ளாக எழுந்து நின்றது. இரும்பு அரித்து உண்டாகும் மேக்னடைட். பழைய பாய்லரின் அகலமான வழிகளில் இது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். புது பாய்லரின் வெப்பமாற்றியில் தண்ணீர் போகும் வழி குறுகலானது. இந்த மை ஒரே குளிர்காலத்தில் அதை அடைத்துவிடக்கூடும். அப்படி அடைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று நிறுவனங்கள் சொல்வதும் உண்டு. அலசியபின் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றும், தண்ணீரில் துருத்தடுப்பு மருந்தும் போடச் சொல்லுங்கள்.

பழைய அமைப்பு கூரைக்கடியில் திறந்த தொட்டி வைத்ததாக இருந்து, புதியது மூடிய அமைப்பாக மாறினால், குழாய்களுக்குள் அழுத்தம் ஏறும். குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை வைப்பார்கள். இத்தனை வருஷம் சும்மா இருந்த ஓட்டைகள் அப்போது பேசத் தொடங்கும். முதல் வாரம் ஒவ்வொரு ரேடியேட்டரின் கீழேயும் ஒரு காகிதத் துண்டைப் போட்டு வையுங்கள். எங்களுக்குப் படுக்கையறையில் ஒன்று நனைந்திருந்தது.

கேஸ் குழாயை இணைத்ததும் அழுத்தச் சோதனை நடக்க வேண்டும்; மூட்டுகளில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு. பாய்லர் பற்றியபின் புகைக்குழாயில் கருவியை விட்டு எரிதலை அளப்பார்கள். அந்தக் கருவி ஒரு துண்டுச் சீட்டைத் துப்பும். அதை வாங்கிக் கோப்பில் வையுங்கள். "செட்டிங் எல்லாம் கம்பெனியிலேயே செய்துதான் வரும்" என்று அளக்காமல் கிளம்பப் பார்த்தால் நிறுத்துங்கள்.

படி 8: டேங்க்

வீட்டுக்குள்ளோ தோட்டத்திலோ தரைக்கு மேலே இருக்கும் டேங்க் என்றால், மிச்ச எண்ணெயை உறிஞ்சி, சேற்றை வழித்து, வெட்டி எடுத்துப்போவார்கள். ஒரு நாள் வேலை. அந்த எண்ணெயையும் சேற்றையும் கழிவாகக் கொண்டுபோக உரிமம் உள்ளவர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்காவது கொட்டிவிட்டால் உங்கள் பெயரும் வரும்.

தரைக்கடி டேங்க் வேறு கதை. எஃகு டேங்க் உள்ளே அடியில் தேங்கும் தண்ணீரால் துருப்பிடிக்கும். வெளியே மண்ணின் ஈரம். ஓட்டை விழுந்து வருஷக்கணக்கில் கசிந்தாலும் மேலே புல் பச்சையாகவே இருக்கும். தோண்டி எடுப்பதா, சுத்தம் செய்து மணலோ நுரையோ நிரப்பி அங்கேயே விடுவதா என்பது உள்ளூர் விதியைப் பொறுத்தது. எடுத்துவிடுவதே என் கட்சி. எடுத்தால்தான் அடியில் உள்ள மண்ணைக் கண்ணால் பார்க்கலாம், மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் கேட்கப்போகும் முதல் தாள்களில் இந்தச் சோதனை அறிக்கையும் ஒன்று.

இப்போது அந்த ஊற்றுவாய். எண்ணெய் ஊற்றும் குழாய், காற்றுக் குழாய் இரண்டையும் சுவரிலிருந்து முழுக்கப் பிடுங்கி, ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும். மூடியைப் பூட்டுவது, டேப் ஒட்டுவது, "எண்ணெய் ஊற்றாதே" என்று எழுதித் தொங்கவிடுவது எதுவும் போதாது. வட அமெரிக்க டேங்க்குகளில் காற்றுக் குழாயோடு ஒரு விசில் இருக்கும். எண்ணெய் ஏறும்போது வெளியேறும் காற்றில் அது ஊதிக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்ததும் நிற்கும். விசில் கேட்கவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும் என்பது ஊற்றுகிறவருக்கான பாடம். ஆனால் லாரி இரைச்சலில், இருட்டில், கடைசி வீட்டு அவசரத்தில் அந்தப் பாடத்தை நம்பி உங்கள் அடித்தளத்தை விட முடியாது. டேங்க் போகும் அதே நாளில் குழாயும் போக வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

படி 9: ஃபிட்டர் போன பிறகு

கார்பன் மோனாக்சைடு அலாரம் பாய்லர் இருக்கும் இடத்திலும் படுக்கையறைகளுக்கு அருகிலும் இருக்கட்டும். இயற்கை எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே அந்த அழுகல் நாற்றத்தைக் கலக்கிறார்கள். நாற்றம் வந்தால் ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எட்டும் தூரத்தில் ஜன்னல் இருந்தால் திறந்து, எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து அவசர எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, மேலே ஏறும். எல்.பி.ஜி. கனம், அடித்தளத்தில் தேங்கும்.

அடுத்து, பலர் பணத்தை விடும் இடம். ஃபிட்டர்கள் பாய்லரின் தண்ணீர்ச் சூட்டை 75, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போவார்கள். வீடு சூடாகவில்லை என்று யாரும் ஃபோன் செய்ய மாட்டார்கள் அல்லவா! ஆனால் அந்தச் சூட்டில் திரும்பும் தண்ணீர் 55-ஐத் தாண்டிவிடும்; ஒளிந்த வெப்பம் புகையோடு போய்விடும். ரேடியேட்டருக்குப் போகும் சூட்டை மட்டும் முதலில் 60-க்கு இறக்குங்கள்; வெந்நீர்த் தொட்டி இருந்தால் அதன் 60 டிகிரியைத் தொட வேண்டாம். இரண்டு நாள் பாருங்கள். அறைகள் சூடாகத்தான் இருக்கின்றன என்றால் 55, பிறகு 50. எந்த இடத்தில் வீடு சூடாகத் திணறுகிறதோ அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். ரேடியேட்டரைத் தொட்டால் முன்பு போலச் சுடாது. நீண்ட நேரம் இளஞ்சூட்டில் இருக்கும். எங்கள் வீட்டில் முதல் மாதம் முழுக்க, "பாய்லர் சரியாக ஓடவில்லை" என்றே புகார். தெர்மாமீட்டரைக் காட்டித்தான் சமாதானம் செய்தேன். வெளியே வெப்பமானி வைத்து, குளிருக்குத் தகுந்தபடி தண்ணீர்ச் சூட்டைத் தானே ஏற்றி இறக்கும் வசதி பாய்லரில் இருந்தால் அதை இயக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அந்தச் சென்சார் பெட்டியிலேயே கிடக்கிறது.

முதல் கடுங்குளிர் வாரத்தில் ஏழு நாளும் ஒரே நேரத்தில் மீட்டரைப் படித்து எழுதுங்கள். கன மீட்டரை 10.5-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய யூனிட் வந்துவிடும். படி 2-இல் எண்ணெய்க்குப் போட்ட கணக்கின் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். ஒரு மாலை நேரம் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை பற்றி அணைகிறது என்றும் எண்ணுங்கள். கடுங்குளிரிலும் ஆறு தடவைக்கு மேல் போனால் ஃபிட்டரைக் கூப்பிட்டு, ஹீட்டிங்குக்கான உச்ச வரம்பைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பாய்லர்களில் அது மெனுவில் ஒரு எண்தான், ஐந்து நிமிட வேலை.